தலைக்கு மேலே பார்க்கும் கண்ணாடி

முத்துப்பேச்சி அக்கா, உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். "வயசுக்கு மூத்தவளப் பேரு சொல்ற, நாக்க இழுத்து வச்சு அறுத்துருவேன்" என்பாய். இன்றைக்குக் கூப்பிடுகிறேன். கோபப்பட்டாவது வா.

என்னோடு சுருளிப்பட்டி வாய்க்காலில் குதித்து விளையாடியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பாதிப் பேர் திருப்பூரில் இருக்கிறீர்கள், சிலர் கேரளத்தில் இருக்கிறீர்கள். அக்கா போன செய்தி எல்லோருக்கும் தெரியும். பதினோரு நாள் காய்ச்சல். அதைப் பற்றி எழுத மாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது ஒரே ஒரு தை மாதத்துக் கதை. அதை நினைத்தாலே இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. அதைச் சொன்னால்தான் எங்கள் அக்கா யாரென்று சொன்னதாக ஆகும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுப்போய், கம்பம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலில் ஃப்ரேம்களைத் துடைத்து அடுக்கும் வேலை. ஆறு மாதத்தில் சீட்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள். சீட்டு என்றால் கண் டாக்டர் எழுதிக் கொடுப்பது. இரண்டு வரிசைக் கட்டம், உள்ளே கூட்டல், கழித்தல், புள்ளி வைத்த எண்கள். கணக்கில் தோற்றவள் அந்த எண்களை மட்டும் பாட்டுப் போலப் படிப்பாள்.

தெருவில் யாருக்குச் சீட்டு கிடைத்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அக்கா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டே, ஈரக் கையால் தொடாமல், என்னைப் பிடிக்கச் சொல்லிப் படிப்பாள். மேல்வரிசை வலது கண், கீழ்வரிசை இடது கண். கழித்தல் போட்டிருந்தால் தூரப்பார்வை மங்கல். கூட்டல் போட்டிருந்தால் கிட்டத்தில் பார்ப்பது மங்கல். சிலிண்டர் என்று எழுதியிருந்தால் கண்ணின் முன்பக்கம் பந்து மாதிரி இல்லாமல் கொஞ்சம் முட்டை மாதிரி இருக்கிறது. முட்டை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்குத்தான் ஆக்ஸிஸ் என்று ஓர் எண். எல்லாவற்றுக்கும் அடியில் 'ஆட்' என்று ஒன்று இருந்தால், அது நாற்பது தாண்டியவர்களுக்கு. "கிட்டத்துல படிக்க இம்புட்டுச் சேத்துக்கன்னு அர்த்தம். நம்ம ஊருல சாளேசுரம்னு சொல்றமுல்ல, அதேதான்."

எதிர்வீட்டு மாமாவை ஞாபகம் இருக்கிறதா? பேருந்து நடத்துநராக இருந்தாரே, அவர். அவருக்கு இரண்டு கண்ணிலும் கழித்தல் ஐந்து. சினிமாவில் பார்த்த மாதிரி முகத்தில் பாதியை மூடும் ஃப்ரேம் வேண்டும் என்று நின்றார்.

"மாமா, கழித்தல் லென்ஸு நடுவுல மெலிசா இருக்கும், ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். இம்புட்டுப் பெரிய ஃப்ரேம் போட்டீகன்னா சோடா பாட்டிலு அடிய வச்ச மாதிரி இருப்பீக."

"ஏன், எனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"அத்த பயந்துக்கிட்டு ஓடிருவாக."

"அப்பப் பெருசே போடு" என்றார் மாமா. கடைசியில் சின்னதாக வட்ட ஃப்ரேம்தான் போட்டார். சாகும் வரை அதுதான்.

லென்ஸைக் கையில் கொடுத்தால் சீட்டு இல்லாமலே சொல்லிவிடுவாள். சன்னல் கம்பிக்கு முன்னால் பிடித்து இடவலமாக மெல்ல ஆட்டுவாள். லென்ஸ் போகும் பக்கமே கம்பியும் போனால் கழித்தல். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கூட்டல். நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று ஆட்டிப் பார்த்தோமே, கம்பி நடந்தது, ஓடியது, மறந்துவிட்டீர்களா?

சரி, அம்மா விசயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்பா அப்போது மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை செய்தார், மாதம் ஒரு முறை வருவார். அம்மாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. கொட்டையில்லாத திராட்சை போட்ட தோட்டங்களில் தை மாதம் ஒரு வேலை வரும். குலையில் காய்கள் மிளகு அளவுக்கு வந்ததும், நெருக்கமாக இருப்பவற்றில் பொடியாகப் பார்த்துப் பாதியை நறுக்கி எடுக்க வேண்டும். அப்போதுதான் மிச்சக் காய் பருக்கும். மூக்கு நீண்ட சின்னக் கத்தரி. பந்தலில் குலைகள் தலைக்கு மேலே தொங்கும். நாள் முழுக்க அண்ணாந்து, கையைத் தூக்கி, ஒரு காய் விட்டு ஒரு காய் நறுக்க வேண்டும். தப்பாக ஓர் இழுப்பு இழுத்தால் குலையின் காம்பே அறுந்து, முழுக் குலையும் காலடியில் விழும்.

அம்மாதான் அந்தக் கூட்டத்தில் முதல் கை. பதினான்கு பெண்கள், ஆளுக்கு ஒரு வரிசை. கூட்டத்தை நடத்தும் மேஸ்திரி அத்தை மேலே தொங்கும் குலையைப் பார்க்கவே மாட்டாள். தரையைப் பார்ப்பாள். யார் வரிசையில் என்ன விழுந்து கிடக்கிறது என்பதில் வேலை தெரிந்துவிடும். அம்மாவின் வரிசையில் பொடிக் காய் மட்டும் பச்சைமணி கொட்டின மாதிரிக் கிடக்கும். ஒரு பெரிய காய் இருக்காது.

முந்தைய வருடமே அம்மாவுக்குக் கண் தடுமாற ஆரம்பித்துவிட்டது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். அரிசியில் கல் பொறுக்க வெயிலுக்குப் போனாள். அந்தத் தை மாதம் தரையில் பெரிய காய்கள் விழ ஆரம்பித்தன. தோட்டக்காரர் பார்த்துவிட்டார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தனித்தனியாக ஆள் எடுக்க மாட்டார்கள், கூட்டத்தோடுதான் வேலை. ஒரு கை தப்பினால் கூட்டத்தையே அடுத்த தோட்டத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் அம்மாவை வைத்திருப்பதா விடுவதா என்பது மேஸ்திரி அத்தையின் தலையில் வந்து விழுந்தது. அம்மாவும் அத்தையும் சின்ன வயதிலிருந்து ஒன்றாக நின்றவர்கள்.

பொங்கல் கழிந்து பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அக்கா அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் ஓர் அட்டையைக் கொடுத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் அட்டையில் வளையம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கேட்டார்கள். சீட்டில் மேலே இரண்டு கண்ணுக்கும் பூஜ்யம். அடியில் 'ஆட்' கூட்டல் இரண்டு.

சீட்டைப் பார்த்துக் கடை முதலாளி ரொம்ப நல்ல மனதோடுதான் செய்தார். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். "வெறும் கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டா நடக்கையில கழட்டணும், தொலச்சுருவாக. ரெட்டைப் பார்வையாப் போட்ருவோம். மேல சாதா, கீழ வட்டத்துல ரெண்டு பவரு. கழட்டவே வேணாம்" என்றார். எங்கள் தெருவில் ரெட்டைப் பார்வைக் கண்ணாடி என்றால் பெரிய மதிப்பு. வாத்தியார்தான் போட்டிருந்தார்.

கண்ணாடி வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் திருவிழா. அம்மா அரிசி முறத்தை எடுத்தாள், கல் எல்லாம் வெளியே வந்தது. என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அன்று என் தலையில் ஒரு பேன் மிஞ்சவில்லை. "அடியே, இம்புட்டையும் வச்சுக்கிட்டா பள்ளிக்கூடம் போன?" என்று குத்திக்கொண்டே இருந்தாள். அக்கா கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள். தானே அந்தக் கண்களைப் பெற்ற மாதிரி ஒரு பெருமை அவள் முகத்தில்.

சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். அம்மா புதுக் கண்ணாடியோடு வந்ததும் பந்தலே கலகலத்தது.

"வாங்க டீச்சரம்மா."

"எங்க கையெழுத்துப் போடணும் டீச்சர்?"

அம்மா வெட்கத்தோடு கத்தரியை எடுத்துக்கொண்டு தன் வரிசையில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். கொண்டை முதுகில் இடித்தது. நான் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஏன் வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி நிற்கிறாள் என்று நினைத்தேன். அப்படியே இரண்டடி பின்னால் நகர்ந்தாள். வாய்க்கால் வரப்பு காலில் தட்டியது. கை பந்தல் கம்பியைப் பிடிக்கப் போய்க் குலையைப் பிடித்தது. குலையும் அம்மாவும் சேர்ந்து சேற்றில் விழுந்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேஸ்திரி அத்தை வந்து கையைக் கொடுத்துத் தூக்கினாள். அம்மாவின் வரிசைத் தரையைப் பார்த்தாள். முழுசு முழுசாகப் பெரிய காய்கள்.

"மதினி, இன்னைக்கு நீ ஒக்காரு. ஒன் வரிசைய நான் பாத்துக்கிறேன்."

"கண்ணாடி புதுசு, பழகிரும் மதினி."

"திங்கக்கிழம அடுத்த தோட்டம். பதிமூணு குடும்பம் ஏங்கூட நிக்கிது. திங்கக்கிழம பாப்பேன். அன்னைக்கும் இப்பிடித்தான்னா..." அத்தை தலைத்துண்டை அவிழ்த்து அம்மாவின் முழங்கைச் சேற்றைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் அக்கா கடையிலிருந்து வந்தாள். அம்மா பையிலிருந்து அந்த அறுந்த குலையை எடுத்து நடுவீட்டில் போட்டாள். "படிக்காத கண்ணுக்குக் கண்ணாடி சேராதுடி. நான் அப்பவே சொன்னேன்" என்றாள். கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்து உறையைத் தள்ளிவிட்டாள்.

அக்கா சீட்டை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியைச் சன்னல் கம்பிக்கு நேரே ஆட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. சீட்டும் சரி, லென்ஸும் சரி, வட்டத்தின் உயரமும் சரி. "பவரு தப்பில்லையேம்மா" என்றாள், அழுகிற குரலில். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பிறகு திடீரென்று குலையை எடுத்தாள். நிலைக்கதவின் மேல் ஆணியில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள்.

"எந்திரி. தோட்டத்துல எப்பிடி நிப்ப, நின்னு காட்டு."

"போடி அங்கிட்டு."

"ஒருக்க நில்லும்மா."

அம்மா நின்றாள். அண்ணாந்தாள். அக்கா பக்கவாட்டில் குத்தவைத்து உட்கார்ந்து, அம்மாவின் கண்ணுக்கும் குலைக்கும் நடுவே தன் பார்வையால் ஒரு கோடு போட்டாள். அப்படியே அசையாமல் இருந்தாள். அடுப்பில் சோறு கொதித்து வழிகிறது, திரும்பவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கீழ வட்டம் வச்சுக்கிட்டு மேல பாக்குறியேம்மா."

அது எங்களுக்குப் புரிவதற்குள் கண்ணாடியைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பி அம்மாவின் மூக்கில் வைத்துவிட்டாள். காதுக் கொக்கிகள் இரண்டும் மாட்டுக் கொம்பு மாதிரி மேலே நின்றன. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"ஏண்டி, எனக்குக் கோமாளி வேசமா போடுற?"

"பேசாத. மேல பாரு. காய் தெரியுதா?"

அம்மா அண்ணாந்தாள். கையைத் தூக்கினாள். விரலால் ஒரு காயைத் தொட்டாள். பக்கத்துக் காயைத் தொட்டாள். "தெரியுது" என்றாள். அப்புறம், "எக்கி நின்னா நல்லாத் தெரியுது. சாதாவா நின்னாக் கொஞ்சம் கலங்குது."

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அக்காவைப் பார்த்தேன். அந்த நிமிடத்தை நான் எப்படிச் சொல்வது? ஊரே தேடின ஒன்று எங்கள் வீட்டு நிலைக்கதவில் தொங்குகிற மாதிரி இருந்தது. எக்கி நின்றால் ஏன் தெரிகிறது? கிட்டே போனால் தெரிகிறது. அப்படியானால் தோட்டத்தில் குலை இருக்கும் தூரம் வேறு, முகாமில் மடியில் அட்டை இருந்த தூரம் வேறு.

ஞாயிறு விடிந்ததும் மூன்று பேரும் ஆளில்லாத தோட்டத்துக்குப் போனோம். பனி இன்னும் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்குள் நுழைந்தால் மருந்து வாடையும் ஈர இலை வாடையும் கலந்து அடிக்கும். அம்மாவை அவள் வரிசையில் எப்போதும் போல நிற்க வைத்து, கத்தரியோடு கையைத் தூக்கச் சொன்னாள் அக்கா. என்னிடம் ஒரு சிவப்பு நூல். ஒரு முனையை அம்மாவின் கண்ணோரத்தில் நான் பிடித்தேன். மறுமுனையை அக்கா குலை வரைக்கும் இழுத்து முடிச்சுப் போட்டாள். பத்து இடத்தில் அளந்தோம். முடிச்சு ஒரே இடத்தில்தான் வந்தது. அம்மாவின் கை நீளம் அது. பிறகு அம்மாவைக் குத்தவைக்கச் சொல்லி, முகாமில் அட்டை பிடித்த மாதிரிக் கையை மடியில் வைக்கச் சொல்லி அளந்தாள். ஒரு சாண் போல நூல் மிச்சம் நின்றது.

"இந்த ஒரு சாண்தாம்மா. நீ அறிவு கெட்டவ இல்ல. இந்த ஒரு சாண்தான்."

அம்மா அந்த மிச்ச நூலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அங்கிருந்து நேரே கம்பம் பேருந்து. முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம் அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, கடை வாசலில் திருஷ்டிக்கு எலுமிச்சையும் மிளகாயும் கட்டும் கொக்கியில், அந்த அறுந்த குலையைக் கட்டினாள். நூல் முடிச்சுக்குச் சரியாக அம்மாவைக் கீழே நிறுத்தினாள். கண் சோதிக்கும் இரும்பு ஃப்ரேமை மாட்டி, பெட்டியிலிருந்து லென்ஸை எடுத்து எடுத்துப் போட்டாள். பவர் ஒன்று புள்ளி இருபத்தைந்து. ஒன்று ஐம்பது. ஒன்று எழுபத்தைந்து. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்னம்மா, கண்ணாடிக் கடையில பழ ஏவாரமா?" என்றார் ஒருவர்.

முதலாளி வந்துவிட்டார். வாசலில் குலை தொங்குவதைப் பார்த்து அப்படியே நின்றார்.

"ஏத்தா, என்ன இது கூத்து?"

அக்கா சொன்னாள்.  அந்த வேலையும் போனால் வீட்டில் இரண்டு வேலை போகும். ஆனாலும் சொல்லி முடித்தாள்.

"டாக்டர் எழுதுனத மாத்த நமக்கு உரிமை கெடையாது, தெரியுமா?"

"மாத்தல மொதலாளி. அவுக மடியில அட்டையக் குடுத்துப் பாத்தாக. எங்கம்மா வாழ்க்கையில ஒரு நாளும் அட்டை படிச்சதில்ல. அட்டைய மேல தொங்கவிட்டிருந்தா அவுகளே வேற எழுதியிருப்பாக."

"ரெட்டைப் பார்வைன்னா பழகணும். ஒங்கம்மா பழகல. ஊரே போட்டுருக்கு, நானும்தான் போட்டுருக்கேன்."

"அப்ப நீங்க ஒருக்க நில்லுங்க."

முதலாளி சிரித்தார். சரி என்று கத்தரியை வாங்கிக் குலைக்குக் கீழே நின்றார். அண்ணாந்தார். மேல் பாதி வழியாகப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார். தலையைப் பின்னால் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். இரண்டடி பின்னால் போனார், ஃப்ரேம் அடுக்கின தட்டு முதுகில் இடித்து நாலு ஃப்ரேம் விழுந்தது. கத்தரியை எடுத்து நறுக்கினார். விழுந்தது பெரிய காய்.

அம்மா குனிந்து அதைப் பொறுக்கினாள். "எனக்கும் இப்பிடித்தான் மொதலாளி" என்றாள். 

முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இருபது வருசமாத் திராட்சைக் காட்டுக்கு நடுவுல ஒக்காந்து கண்ணாடி விக்கிறேன். எங்கன பாத்து வேல செய்றீகன்னு ஒருத்தருகிட்டயும் கேட்டதில்ல ஆத்தா" என்றார். முகாமில் கண் பார்த்தவருக்குப் போன் போட்டார். தூரத்தைச் சொன்னார். நூலை அளவுகோலில் வைத்து எண்ணைச் சொன்னார். அவர் தூரத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு, "சரிதான், அந்தத் தூரத்துக்குக் கொறைக்கலாம். அந்தம்மாவுக்கு எதுல தெளிவாத் தெரியுதோ அதப் போடுங்க" என்றார்.

ஒன்று ஐம்பதில்தான் தெளிவு. வட்டம் வேண்டாம், மேலும் கீழும் முழுக்க ஒரே பவர். முதலாளியே உட்கார்ந்து லென்ஸை ஃப்ரேமுக்கு அறுத்தார். மிசின் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அக்கா இரண்டு காதுக் கொக்கியிலும் கயிறு கட்டினாள். நடக்கும்போது கழற்றி நெஞ்சில் விட வேண்டும், வரப்பு தெரிய வேண்டும் அல்லவா?

"கழுத்துல கயிறா? மாட்டுக்குக் கட்டுன மாதிரி இருக்குடி" என்றாள் அம்மா.

"மாடு விழுகாம நடக்குமுல்ல. கட்டிக்க."

சீட்டின் பின்பக்கம் முதலாளி எழுதினார். 'தோட்டத்துக்கு. தலைக்கு மேல். 1.50.'

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன், உங்களில் இரண்டு பேருக்கு மட்டும் உண்மை தெரியும். புதுத் தோட்டம், பந்தல் அதே உயரம். அம்மா வரிசையில் நின்றாள். கண்ணாடியை மாட்டினாள். தலையைப் பின்னால் சாய்க்கவில்லை. கையைத் தூக்கினாள். கத்தரி சத்தம் மட்டும் கேட்டது. நான் மேலே பார்க்கவே இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொடிக் காய். இன்னொரு பொடிக் காய். பிறகு மழை மாதிரி.

மேஸ்திரி அத்தை வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். குனிந்து ஒரு கை அள்ளினாள், உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தாள். எல்லாம் பொடி. அம்மாவின் கழுத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டு அண்ணாந்தாள்.

"அடியே மதினி," என்றாள், "எனக்கும் ரெண்டு வருசமாத் தெரியலடி. அதான் தரையப் பாத்துக்கிட்டுத் திரியிறேன்."

அந்தப் பந்தலில் எழுந்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த மாதம் முடிவதற்குள் பதினான்கு பேரில் ஒன்பது பேர் எங்கள் அக்காவிடம் சீட்டோடு வந்தார்கள். அவள் முதலில் சீட்டை வாங்க மாட்டாள். "என்ன வேல, எங்கன பாப்பீக, கையத் தூக்கிக் காட்டுங்க" என்பாள். கடையில் அந்தக் கொக்கியில் பிறகு எலுமிச்சை கட்டவே இல்லை. சீசனுக்கு ஒரு குலை தொங்கும்.

அந்தச் சிவப்பு நூல் வீடு வெள்ளையடித்தபோது தொலைந்துபோனது. நான் அழுதேன். "எதுக்கு அழுகிற, அம்மா கை இருக்குல்ல, அதுதான அளவு" என்றாள் அக்கா. கல்யாணமாகிக் கம்பத்துக்கே போன பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து அம்மாவின் கையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். தூரம் மாறவில்லை. வயதுக்குத் தக்கபடி பவர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

போன மாதம் ஒரு காலையில் அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். கண்ணாடி மூடி போட்ட குளிர்ப்பெட்டி. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணைச் சுருக்கினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என் தோட்டத்துக் கண்ணாடிய எடுத்தா" என்றாள்.

"பாவம், மனசு பெரண்டு போச்சு. இந்த நேரத்துல தோட்டத்துக் கண்ணாடியா கேக்குறா" என்று யாரோ சொன்னார்கள். மேஸ்திரி அத்தை மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எடுத்துட்டு வாத்தா" என்றாள்.

எடுத்து வந்தேன். அம்மா கயிற்றைக் கழுத்தில் போட்டு மாட்டிக்கொண்டாள். நேராக உட்கார்ந்தாள். கையை நீட்டி, அக்கா முகத்துக்கு நேராக மூடியின் மேல் விரலை வைத்தாள். சரியாக அந்தத் தூரம். சிவப்பு நூலின் தூரம்.

"இப்பத் தெரியுறா" என்றாள் அம்மா. அப்புறம்தான் அழுதாள்.

நாளைக் காலையில் சுருளியில் அவளுக்கு முப்பதாம் நாள் காரியம். வர முடிந்தவர்கள் வாருங்கள். முடியாதவர்கள் இருக்கிற இடத்தில் ஒரு நிமிடம் எங்கள் முத்துப்பேச்சிக்காகக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு அங்கே எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். உங்களில் கண்ணாடி போட்டவர்கள் கும்பிடும்போது அதைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் அவளுக்குக் கோபம் வரும்.